ஐந்தேகால் வண்டியின் ஆள் கணக்கு

ஜனவரி 3, வெள்ளி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கீழ் வீட்டு மேரி ஸ்டெல்லா டீச்சரம்மா எழுதுகிறார். பால்வாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மெட்ராஸ் பேச்சைத் திருத்தி எழுதிவிட்டு ஒரு தடவை படித்துக் காட்டுகிறார். கேட்டால் யாரோ பெரிய மனிதர் பேசுவதுபோல இருக்கிறது.

இந்த நோட்டு போடவேண்டி வந்த காரணம் இது. எங்கள் செம்பருத்தி நகரிலிருந்து விடிகாலை ஐந்தேகாலுக்குச் சைதாப்பேட்டைக்கு ஒரு பஸ் போகிறது. அதற்கு நம்பர் உண்டு, ஆனால் எல்லோரும் ஐந்தேகால் வண்டி என்றுதான் சொல்வோம். அதை நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்று டெப்போவுக்கு மனு கொடுக்கப் போனோம். கிளை மேலாளர் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்து, அந்த வண்டியில் சராசரியாக ஏறுவது பன்னிரண்டு பேர் என்றார். பன்னிரண்டு பேருக்காக ஒரு வண்டி ஓட்ட அரசாங்கத்திடம் நிதி கேட்க முடியாதாம்.

கூட வந்த பட்டம்மா சிரித்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவள், எட்டு பிளாக்குக்குக் கேட்கும் சிரிப்பு. நான் சொன்னேன், "சார், அந்த வண்டில ஒத்தக் கால் வைக்க எடம் கெடச்சா அன்னிக்கு ராஜயோகம்."

"எழுத்துல இருக்கா பெரியவரே? மெஷின் சொல்றது எழுத்துல இருக்கு. நீங்க சொல்றது வாய்ல இருக்கு."

முப்பத்தொன்றாம் தேதி வரை பார்ப்பார்களாம். பிறகு ஃபைல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும்.

அதனால் தினமும் நான் ஆள் எண்ணிக்கொண்டு வருவது, சாயங்காலம் டீச்சரம்மா எழுதுவது என்று முடிவு. எண்ணுவது எனக்குப் புதிதில்லை. கொத்தவால்சாவடியில் இருபத்திரண்டு வருஷம் லாரியிலிருந்து இறங்கும் மூட்டைக்கு எண்ணிக்கை சொன்னவன். காகிதம் பென்சில் கிடையாது. பத்துக்கு ஒரு விரல் மடக்குவேன். அங்கே ஒன்று என்று ஆரம்பிக்கக் கூடாது. முதல் மூட்டைக்கு லாபம் என்று சொல்லவேண்டும், அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒரு மூட்டை தவறியதில்லை.

ஜனவரி 4, சனி

ஐம்பத்தெட்டு.

முதல் ஸ்டாப்பில் முதலில் ஏறுவது நான் என்பதால் லாபம் நானே. அங்கே பதினாறு பேர். அடுத்த ஸ்டாப் தண்ணீர்த்தொட்டி, அங்கே இருபத்தொன்று. மீதி வழியெல்லாம். ஆண்கள் பன்னிரண்டு பேர், மற்றதெல்லாம் பெண்கள். வீட்டு வேலை, ஆஸ்பத்திரி வேலை, ஆபீஸ் துடைக்கிற வேலை. ஆறரைக்குள் போய்ச் சேரவேண்டியவர்கள். அடுத்த வண்டி ஏழு மணிக்கு, அது ஆகாது.

பின்படியில் கண்டக்டர் நாகப்பன் உட்கார்ந்திருப்பார். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முன்னால் இருக்கிறவர்களுக்கு டிக்கெட் என் கை வழியாகத்தான் போகும். இன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வரப் பார்த்தார். நான்தான் எப்போதும்போல, "பொம்பளைங்கள வுடு நாகப்பா, ஃப்ரீ டிக்கெட்டுதானே, அதுக்கு எதுக்கு இந்த நெரிசல்ல அல்லாடுற" என்று உட்காரவைத்தேன். நல்ல மனுஷன், முழங்கால் வலிக்காரர்.

தண்ணீர்த்தொட்டியில் ஏறியவர்களில் பச்சை ஸ்வெட்டர் போட்டவள் என் மகள் எழிலரசி. பேசுவதில்லை. அது இந்தக் கணக்குக்கு வேண்டாத விஷயம்.

ஜனவரி 6, திங்கள்

அறுபது.

இந்த வண்டியில் உனக்கு என்ன வேலை, நீ எங்கே வேலைக்குப் போகிறாய் என்று டீச்சரம்மா கேட்டார். சைதாப்பேட்டையில் டீ நன்றாக இருக்கும், குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்புகிறேன் என்றேன். பதினெட்டு கிலோமீட்டர் போய் டீயா என்றார். டீதான் என்றேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் என்றால் உயிர். அந்தக் காலத்து சிவப்பு மாடி பஸ்ஸில் பாரிமுனையில் ஏறினால் மேல்மாடி முன் சீட்டுக்கு ஓடுவோம். மரக்கிளை கண்ணாடியில் சடசடவென்று அடிக்கும். கண்டக்டரின் தோல் பையில் ஒரு வாசனை வரும், செருப்புக்கடை வாசனையும் சில்லறை வாசனையும் கலந்தது. விரலை நாக்கில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்த எச்சிலை யாரும் தப்பாக எடுத்ததில்லை.

எழிலுக்கு நாலு வயது இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போவோம். நான், கன்னியம்மா, அவள். கன்னியம்மா என் சம்சாரம். சாவடியில் மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்து என் மேலே எப்போதும் வெங்காய நாற்றம், அதற்காக அன்றைக்கு மட்டும் சந்தன சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்லுவாள். பஸ்ஸில் ஏறினதும் டிக்கெட்டைக் குழந்தை கையில் கொடுத்துவிடுவேன். "செக்கர் வந்தா நீதான் காட்டணும்" என்பேன். இறங்குகிற வரைக்கும் மூடிய கையைத் திறக்கமாட்டாள். பீச்சில் இறங்கிக் கையை விரித்தால் டிக்கெட் வேர்வையில் நனைந்து கூழாகி, மை உள்ளங்கையில் ஒட்டியிருக்கும். ஒரு நாளும் செக்கர் வந்ததில்லை. அதில் அவளுக்கு ரொம்ப வருத்தம்.

இதெல்லாம் மேலாளரிடம் கொடுக்கிற நோட்டில் வரக்கூடாது என்றேன். டீச்சரம்மா கேட்கவில்லை. நம்பரை மட்டும் தனித்தாளில் எடுத்துக் கொடுக்கலாமாம்.

ஜனவரி 7, செவ்வாய்

ஐம்பத்தாறு. பனி. டிரைவர் லைட் போட்டும் ரோடு தெரியவில்லை.

ஜனவரி 9, வியாழன்

ஐம்பத்தேழு. தண்ணீர்த்தொட்டியில் ஒரு ஆள் குறைவு.

சாயங்காலம் காற்றாட நடந்தேன். அப்படியே தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய்விட்டேன். அவள் பிளாக்கின் இரண்டாவது மாடிக் கொடியில் பச்சை ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. சமையல்கட்டில் லைட் எரிந்தது. யாரோ இருமினார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஐம்பத்தொன்பது. எல்லோரும் வந்தார்கள்.

ஜனவரி 13, திங்கள். போகி

நாற்பத்தெட்டு. பண்டிகை, அதனால் குறைவு. டயர் எரித்த புகையில் எண்ணுவதே கஷ்டமாகிவிட்டது.

கையெழுத்துப் போடத் தெரியுமா, மனுவில் கைநாட்டு வைத்திருக்கிறீர்களே என்று டீச்சரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அதில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

நாங்கள் அடையாற்றங்கரைக்காரர்கள். என் அப்பா போட்ட குடிசை, நான் கட்டின கல் சுவர். வெள்ளம் வந்த பிறகு, கரையைக் காலி பண்ணுங்கள், ஊருக்கு வெளியே மாடி வீடு தருகிறோம் என்று ஆபீசர் வந்தார். மேசை போட்டு, மேலே மேப் விரித்தார். ஒருத்தரும் கை வைக்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாவடியில் எண்ணிக்கை சொன்னவன், வாக்கு தவறாதவன் என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

பஸ் வருமா என்று கேட்டேன். மேப்பில் ஒரு கோட்டைக் காட்டி, இதோ வருகிறதே என்றார். எழில் பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்தாள். "நைனா, பஸ் மொதல்ல வரட்டும். அப்பால கை வைக்கலாம்." அவள் பத்தாவது படித்தவள். அந்த மேப்பை அவளால் படிக்க முடியும், என்னால் முடியாது. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் மகள் பேச்சைக் கேட்டு நிற்பதா என்று தோன்றிவிட்டது. முதல் ஆளாகக் கட்டைவிரலை வைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது வீடு வைத்தது.

பஸ் வந்தது. வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் இங்கே வந்து மூன்றாவது வருஷம் வந்தது.

கன்னியம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது இரண்டாவது வருஷம். விடிகாலை. ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் வேறு நகருக்குப் போய்விட்டது. மெயின் ரோடு வரை எழிலும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஷேர் ஆட்டோ நின்றது. ஆள் நிரம்பினால்தான் எடுப்பேன் என்றான்.

மீதியை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எண்ணவில்லை. டீச்சரம்மா வீட்டில் சாப்பிட்டேன். கரும்பு கொடுத்தார், கடிக்கப் பல் இல்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசம் பிடித்தேன்.

ஜனவரி 18, சனி

அறுபத்தொன்று. இதுவரை எண்ணியதில் இதுதான் அதிகம். திங்கட்கிழமை டெப்போவுக்குப் போகிறோம். இந்தத் தடவை எழுத்தில் இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

டீச்சரம்மா தேதி வாரியாக நம்பர் எழுதிய தாளை மேலாளரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் திருப்பி டீச்சரம்மாவிடம் காட்டினார்.

நாலாம் தேதி நான் சொன்னது ஐம்பத்தெட்டு. மெஷினில் பன்னிரண்டு.

"பெரியவரே, உங்கள நான் நம்புறேன். ஐம்பத்தெட்டு பேர் ஏறியிருக்கலாம். ஆனா டிக்கெட் பன்னிரண்டுதான் அடிச்சிருக்கு. மத்தவங்க டிக்கெட் எங்க?"

மத்தவங்க எல்லாம் பொம்பளைங்க சார், அவங்களுக்குத்தான் ஃப்ரீ ஆச்சே என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அவங்களுக்குத்தான் ஃப்ரீ. எங்களுக்கு டீசல் ஃப்ரீ இல்லையே? பெண்களுக்கு அடிக்கிற ஒவ்வொரு பிங்க் டிக்கெட்டுக்கும் அரசாங்கம் எங்களுக்கு நிதி தருது. அத வெச்சுதான் வண்டி ஓடுது. டிக்கெட் அடிக்கலன்னா அந்தம்மா வண்டியில ஏறவே இல்லன்னு அர்த்தம்."

பட்டம்மா என்னைப் பார்த்தாள். டீச்சரம்மா பார்க்கவில்லை, அவருக்கு விஷயம் தெரியாது. இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

பெண்களுக்கு இலவசம் என்று வந்த புதிதில் வேறொரு கண்டக்டர் இருந்தார். டிக்கெட் கேட்டால், ஓசிக்கு இது வேறயா என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். பட்டம்மா கூட அன்று கூசிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் நாகப்பன் வந்தார். அவர் நல்லவர், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆனால் இவர்களுக்குக் கை நீட்ட மனசு வரவில்லை. அந்தச் சங்கடம் யாருக்கும் வேண்டாம் என்றுதான் நடுவில் நின்ற நான், விடு நாகப்பா, அவங்க டிக்கெட்டை விடு என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வருஷமாகத் தினமும் சொல்லியிருக்கிறேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து பெண்களைத் தினம் தினம் வண்டியை விட்டு இறக்கியிருக்கிறேன்.

வண்டி வராமல் போனதற்கும் என் கை. வந்த வண்டி போவதற்கும் என் வாய்.

ஜனவரி 21, செவ்வாய்

ஐம்பத்தெட்டு.

ராத்திரி தூங்கவில்லை. தண்ணீர்த்தொட்டி ஸ்டாப் தாண்டி எல்லோரும் ஏறின பிறகு சொன்னேன். சாவடியில் லாரி சத்தத்துக்கு மேலே எண்ணிக்கை சொன்ன அதே தொண்டைதான். மேலாளர் சொன்னதைச் சொன்னேன். டிக்கெட் வாங்குவது பிச்சை இல்லை, வாங்கினால்தான் வண்டி என்றேன். விடச் சொன்னது நான்தான், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

பட்டம்மாதான் முதலில் பேசினாள். "யோவ் ஏகாம்பரம், ரெண்டு வருசமா நான் இந்த வண்டில வர்லியா? அப்ப தினம் உன் காலை மிதிச்சது ஆவியா?" வண்டியே சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போது முன் கதவுப் பக்கத்திலிருந்து, திரும்பாமலே எழில் சொன்னாள்.

"அன்னிக்கும் மொத ஆளா நீதான் கை வெச்ச. இன்னிக்கும் நீதானா?"

எட்டு வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது. குரல் அப்படியே கன்னியம்மா குரல்.

சைதாப்பேட்டையில் டீ குடிக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

ஐம்பத்தொன்பது. டிக்கெட் ஐம்பத்தெட்டு.

இன்று பெண்கள் எல்லோரும் வாங்கினார்கள். முன்பக்கம் எத்தனை பேர் என்று பட்டம்மா எண்ணிச் சத்தம் போட்டாள், நாகப்பன் அடித்துக் கொடுத்தார். கை மாறி, கை மாறி, என் கைக்கு வந்து முன்னால் போனது. நீளமாக ஒரு பிங்க் ரிப்பன்போல. ஒருத்தி வளையலில் சொருகிக்கொண்டாள், ஒருத்தி தாலிக்கயிற்றில். கன்னியம்மாவும் வளையலில்தான் சொருகுவாள்.

குறைந்த அந்த ஒரு டிக்கெட் யாருடையது என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது பட்டம்மாவே வந்து சொன்னாள். என்னை விட்டுவிட்டு எண்ணு என்றாளாம். "எங்கம்மாவுக்கு வராத வண்டி இது. வேற வழியில்லாம ஏறுறேன். அதுக்காகக் கை நீட்டமாட்டேன்னு சொல்லுதுபா உன் பொண்ணு."

சொல்லட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

அறுபது. டிக்கெட் ஐம்பத்தொன்பது.

ஜனவரி 25, சனி

ஐம்பத்தேழு. டிக்கெட் ஐம்பத்தாறு.

ஒரு டிக்கெட்டால் வண்டி நிற்காது, விடுங்கள் என்கிறார் டீச்சரம்மா. அவர் சொல்வது சரிதான். சாவடியில் ஒரு தடவை அறுநூறு மூட்டையில் ஒன்று குறைந்தது. முதலாளி போகட்டும் என்றார். நான் விடவில்லை. விடிய விடிய மூட்டைச் சந்துகளில் தேடினேன். அடி வரிசையில் சுவரை ஒட்டிக் கிடந்தது. தொலைந்தே போகவில்லை. யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 28, செவ்வாய்

ஐம்பத்தெட்டு. டிக்கெட் ஐம்பத்தேழு. மூத்தோருக்கு இலவச பஸ் டோக்கன் மாசத்துக்குப் பத்துதான், அது எப்போதோ தீர்ந்துவிட்டது. காசு கொடுத்துத்தான் டீக்குப் போய்வருகிறேன். பென்ஷன்காரனுக்கு இது அதிகம் என்று நாகப்பன் கிண்டல் செய்தார். அடுத்த மாதம் வண்டி இருந்தால்தானே புது டோக்கன் என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

இன்று கடைசி நாள்.

முதல் ஸ்டாப்பில் பதினேழு பேர். எனக்குச் சில்லறை எடுக்க வரவில்லை. குளிரில் விரல் மரத்துப்போய், இடுப்பு முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை. தண்ணீர்த்தொட்டியில் வண்டி நின்றது. எப்போதும்போல முன் கதவைப் பார்த்தேன். பச்சை ஸ்வெட்டர் ஏறவில்லை. ஒன்பதாம் தேதிபோல இருமலாக இருக்கும் என்று நினைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஒரு பிங்க், ஒரு சைதாப்பேட்டை."

பின்படியில் ஏறியிருக்கிறாள். நாகப்பன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டையும் அடித்துக் கொடுத்தார். அவள் கூட்டத்தில் புகுந்து நடுக்கம்பி வரைக்கும் வந்தாள். பக்கத்தில் பார்த்தால் காதோரம் நரைத்திருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்ததில் இது தெரியவே இல்லை.

கம்பியில் இருந்த என் ஒரு கையைப் பிரித்தாள். இரண்டு டிக்கெட்டையும் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"புடி நைனா. செக்கர் வந்தா நீதான் காட்டணும்."

அதே கம்பியை அவளும் பிடித்துக்கொண்டு நின்றாள். கிண்டிப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது என் முழங்கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். முன்னால் போகவேண்டிய டிக்கெட்டெல்லாம் அவள் கை வழியாகப் போனது. என் கை மூடியே இருந்தது.

சைதாப்பேட்டையில் இறங்கிக் கையை விரித்துப் பார்த்தேன். இரண்டும் நனைந்து ஒட்டிக்கொண்டு, மை உள்ளங்கையில் ஏறியிருந்தது. செக்கர் வரவில்லை.

இன்று எத்தனை பேர் என்று டீச்சரம்மா கேட்டார். தெரியாது என்றேன். இருபத்திரண்டு வருஷம் சாவடியிலும் இந்த ஒரு மாதமும் சேர்த்து, எண்ணிக்கை தவறியது இன்றுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

டெப்போவில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். டீச்சரம்மா படித்துச் சொன்னார். ஐந்தேகால் வண்டி ஜூன் வரைக்கும் ஓடும். அதற்குமேல் ஓட்டுவதற்கு அரசாங்கத்திடம் நிதி கேட்டு எழுதியிருக்கிறார்களாம். ஜூனில் மறுபடி பார்ப்பார்களாம். மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இனி எண்ணவேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் காலையில் கம்பியைப் பிடித்ததும் விரல் தானாக மடங்கப் பார்த்தது. முதல் ஸ்டாப்பில் பதினாறு பேர் ஏறினார்கள், விட்டுவிட்டேன்.

தண்ணீர்த்தொட்டியில் அவள் ஏறினாள். அங்கிருந்து லாபம் என்று ஆரம்பித்தேன்.